சர்ச் மதில் செங்கல் பொரிஞ்சு கொட்டுது, சிமென்ட் வச்சு பாயின்ட் பண்ணலாமா?

கேள்வி கேட்டவர் இங்கிலாந்துல சஃபோக் பக்கம் ஒரு கிராமத்துல வீடு வாங்கியிருக்கற தம்பி. அவரோட பின்பக்கத் தோட்டத்துக்கு எல்லையா நிக்கறது பக்கத்து சர்ச் கல்லறைத் தோட்டத்தோட பழைய செங்கல் மதில். இவர் பக்கம் பார்த்தா ஏழடி உயரம், நடுவுல ஒரு இடத்துல தொப்பை மாதிரி தள்ளியிருக்கு, கீழ நாலஞ்சு வரி செங்கல் முகம் பொரிஞ்சு தூளா கொட்டுது. வந்து பார்த்த பில்டர் ரெண்டு நாள்ல சிமென்ட் வச்சு பாயின்ட் பண்ணித் தர்றேங்கறாராம், அதாவது செங்கல்லுக்கு நடுவுல இருக்கற இடைவெளியை சிமென்ட் வச்சு அடைக்கறது. பண்ணலாமா, அதுக்கு அப்படி என்ன வயசு, அது யாரோட சுவருன்னு கேட்டிருக்கார்.

பண்ணாதீங்க தம்பி. மத்ததெல்லாம் நிதானமா சொல்றேன், இதை மட்டும் முதல்ல சொல்லிடறேன், அந்த பில்டருக்கு இன்னைக்கே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுங்க. அது உங்க சுவரா இல்லாம இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அனுமதி இல்லாம கை வச்சா சட்டப்படி மாட்டிக்குவீங்க, அது ஒரு காரணம். ஆனா எனக்குப் பெரிய காரணம் அந்த சிமென்ட்தான். நான் இந்த ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல பழைய கட்டடங்கள்ல சுண்ணாம்பு வேலைதான் பார்க்கறேன், இதுவரைக்கும் வெறும் வயசால செத்த மதில்னு நான் பார்த்தது ரொம்பக் கம்மி, நல்ல எண்ணத்தோட யாரோ சிமென்ட் பூசி அதனால செத்த மதில்தான் அதிகம்.

வயசைப் பத்தி கேட்டீங்க. சர்ச் 13ஆம் நூற்றாண்டுன்னு வாசல் போர்டுல போட்டிருந்தா மதிலும் அவ்வளவு பழசுன்னு நினைச்சுடாதீங்க. சஃபோக், நார்ஃபோக், எஸ்ஸெக்ஸ் பக்கமெல்லாம் கட்டறதுக்கு ஆகற நல்ல கல்லே கிடையாது, வயல்ல கிடைக்கற ஃப்ளின்ட் கல்தான், அதனால சர்ச் ஃப்ளின்ட்ல இருக்கும், மதில் செங்கல்ல இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல நானூறு ஐநூறு வருஷம் கூட இருக்கலாம். ரோமானியர்கள் போனதுக்கு அப்புறம் இங்கிலாந்துல செங்கல் சுடறதே ஏறக்குறைய நின்னு போச்சு, அவங்க விட்டுட்டுப் போன செங்கல்லைப் பொறுக்கித்தான் பல நூறு வருஷம் கட்டினாங்க, செயின்ட் ஆல்பன்ஸ் அபே கோபுரம் அப்படிக் கட்டினதுதான். திரும்ப சுட ஆரம்பிச்சதுக்கு ரொம்பப் பழைய சாட்சின்னு எஸ்ஸெக்ஸ்ல லிட்டில் காகெஷால் மடத்தைச் சொல்வாங்க, 1220 வாக்குல. ஆனா ஒரு சாதாரண கிராமத்து சர்ச்சுக்கு செங்கல்ல மதில்ங்கறது பெரும்பாலும் 17, 18ஆம் நூற்றாண்டு சமாச்சாரம், சில இடத்துல விக்டோரியா காலத்துது.

அதுக்கு முன்னாடி வேலி, பள்ளம், மரக்கட்டைத் தடுப்புதான். ஆடு மாடு பன்னி உள்ள பூந்து குழியைக் கிளறிடக் கூடாதுன்னுதான் எல்லாமே. 1604ல வந்த சர்ச் சட்டத்துல 85ஆவது விதியே இதுக்குத்தான், கல்லறை நிலத்தை அந்தந்த ஊர் வழக்கப்படி சுவரோ கிராதியோ மரவேலியோ போட்டு ஒழுங்கா அடைச்சு வைக்கணும், யார் பொறுப்போ அவங்க செலவுலன்னு அதுல இருக்கு. சசெக்ஸ்ல கவ்ஃபோல்ட் ஊர் சர்ச்சுல இன்னைக்கும் பார்க்கலாம், வேலியோட ஒவ்வொரு துண்டுலயும் அதைப் பராமரிக்க வேண்டிய பண்ணையோட பேர் செதுக்கியிருக்கும். ஊர்க்காரங்க ஆளுக்கு இத்தனை அடின்னு பங்கு போட்டு வேலி கட்டிக் காத்திருக்காங்க, நம்ம ஊர்ல குளம் தூர்வார, தேர் இழுக்க வீட்டுக்கு ஒரு ஆள்னு கணக்கு வச்ச மாதிரி. அந்த இடத்துக்கு பின்னால வந்ததுதான் உங்க மதில்.

வயசை நீங்களே ஓரளவு கணிக்கலாம். ஒரு டேப் எடுத்துட்டுப் போய் செங்கலோட கனத்தை அளந்து பாருங்க, ஒண்ணை மட்டும் அளக்காதீங்க, கையால செஞ்ச கல் ஒண்ணு போல ஒண்ணு இருக்காது, பத்துப் பதினைஞ்சு அளந்து நடுத்தரமா ஒரு கணக்கு எடுங்க. 1571ல லண்டன் கொத்தனார் சங்கத்துக்குக் கிடைச்ச சாசனத்துல செங்கல் 9 அங்குலம் நீளம், நாலேகால் அகலம், ரெண்டேகால் கனம்னு வச்சாங்க. ரெண்டு, ரெண்டேகால் அங்குலம் மெல்லிசா, கோணல்மாணலா இருந்தா பழசு. ரெண்டரை வந்தா 18ஆம் நூற்றாண்டா இருக்கலாம். மூணு அங்குலத்துக்கு வந்துடுச்சுன்னா 1784க்கு அப்புறமான்னு சந்தேகப்படணும், ஏன்னா அந்த வருஷம்தான் அமெரிக்கப் போரோட கடனை அடைக்க செங்கலுக்கு வரி போட்டாங்க, ஆயிரம் கல்லுக்கு ரெண்டரை ஷில்லிங்னு எண்ணிக்கைக் கணக்குல, உடனே சூளைக்காரங்க கல்லைப் பெருசாக்கிட்டாங்க. அரசாங்கமும் விடல, 1803ல 150 கன அங்குலத்துக்கு மேல போனா ரெட்டை வரின்னு வச்சாங்க. கடைசியா 1850லதான் வரியை எடுத்தாங்க. அகலம் மட்டும் காலம் பூரா பெருசா மாறல, அது கொத்தனாரோட ஒரு கைக்கு அடங்கணுமே.

அப்புறம் கல்லை எப்படி அடுக்கியிருக்காங்கன்னு பாருங்க. ஒரு வரி பூரா நீளப்பக்கம், அடுத்த வரி பூரா குறுக்குப்பக்கம்னு மாறி மாறி வந்தா அது இங்கிலீஷ் பாண்ட். ஒரே வரியில ஒண்ணு நீளம் ஒண்ணு குறுக்குன்னு வந்தா ஃப்ளெமிஷ் பாண்ட், அது 17ஆம் நூற்றாண்டுல வந்த நாகரிகம், லண்டன் கியூல 1631ல கட்டின டச்சு மாளிகை அதுக்கு ஆரம்ப கால உதாரணம். மூணு வரி இல்ல அஞ்சு வரி நீளப்பக்கம், அப்புறம் ஒரு வரி குறுக்குன்னு வந்தா கார்டன் வால் பாண்ட், மதிலுக்குன்னே சிக்கனமா கட்டினது. நீங்க அனுப்பின ஃபோட்டோல எனக்குத் தெரியறது கார்டன் வால் பாண்ட்தான், அங்கங்க கருநீலமா கண்ணாடி மாதிரி மினுங்கற கல் இருக்கே, அது சூளையில நெருப்புக்கு ரொம்பக் கிட்ட இருந்து உருகின குறுக்குப்பக்கம். அதை வீணாக்காம முகப்புல வச்சு அழகு பார்த்திருக்காங்க.

உங்க ஊர்ப்பக்கம் இன்னொரு வகை மதிலும் இருக்கு, பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும், கிரிங்கிள் கிராங்கிள்னு பேர், இங்கிலாந்துலயே சஃபோக்லதான் அதிகம். ஈஸ்டன் கிராமத்துல பெருசா ஒண்ணு இருக்கு, ஒரு தடவை போய்ப் பாருங்க. வளைவே முட்டுக் கொடுக்கறதால தனியா தூண் வேண்டாம், ஒத்தைக் கல் கனத்துலயே நின்னுடும், வளைஞ்சு போறதால நீளம் கூடினாலும் மொத்தத்துல கல் மிச்சம்.

உங்க பக்கம் மதில்ல சின்னச் சின்ன ஓட்டையும் துருப்பிடிச்ச ஆணியும் நிறைய இருக்குன்னு எழுதியிருந்தீங்க, அதைப் பிடுங்காதீங்க, ஏன்னா அதுவும் ஒரு சரித்திரம். தெற்குப் பார்த்த செங்கல் மதில் பகல் வெயிலை வாங்கி வச்சு ராத்திரி விடும், அந்தச் சூட்டுல பீச், ஆப்ரிகாட் மாதிரி மரங்களை சுவரோட ஒட்டி விசிறி மாதிரி விரிச்சு துணித்துண்டும் ஆணியுமா வச்சு கட்டி வளர்ப்பாங்க. உங்க வீடு இருக்கற நிலம் ஒரு காலத்துல பாதிரியார் வீட்டுத் தோட்டமாவோ பெரிய வீட்டுத் தோட்டமாவோ இருந்திருக்கணும். இந்தப் பக்கம் பழம், அந்தப் பக்கம் கல்லறை, நடுவுல ஒரே சுவர்.

நகரத்துப் பக்கம் மதில்களுக்கு வேற கதை. 1832ல அனாடமி சட்டம் வர்ற வரைக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கு அறுத்துப் படிக்க உடல் போதாது, புதைச்ச அன்னைக்கு ராத்திரியே தோண்டியெடுத்து விக்கற கும்பல் இருந்துச்சு, அதனால மதிலை உயர்த்தினாங்க, காவல் அறை கட்டினாங்க, லண்டன் ராதர்ஹித் சர்ச்சுல 1821ல கட்டின காவல் அறை இப்பவும் நிக்குது. டெப்ட்ஃபோர்ட் செயின்ட் நிக்கோலஸ் சர்ச்சுக்குப் போனா வாசல் தூண் ரெண்டு மேலயும் மண்டையோடு செதுக்கியிருக்கும், உள்ள மதில்ல கிறிஸ்டோபர் மார்லோவுக்கு நினைவுப் பலகை, 1593ல குத்துப்பட்டுச் செத்த அந்த நாடக ஆசிரியர் அந்த நிலத்துலதான் எங்கயோ கிடக்கார். எனக்கு ரொம்பப் பிடிச்சது சவுத்வார்க்ல செயின்ட் ஜார்ஜ் சர்ச் பக்கத்துல இருக்கற நீளமான செங்கல் சுவர். ஒரு பக்கம் சர்ச்சோட பழைய கல்லறை நிலம், இப்போ பூங்கா, இன்னொரு பக்கம் மார்ஷல்சீ கடன்காரர் ஜெயில் இருந்த இடம். 1824ல நாவலாசிரியர் டிக்கென்ஸோட அப்பாவை 40 பவுண்டு 10 ஷில்லிங் கடனுக்காக அங்கதான் அடைச்சாங்க, பையனுக்கு வயசு 12. ஜெயில் போயிடுச்சு, அந்தச் சுவர் மட்டும் மிச்சம். நான் அங்க போறப்பல்லாம் கை வச்சுப் பார்ப்பேன், அந்தச் சாந்து இன்னும் விரல்ல வெள்ளையா ஒட்டும்.

சரி, உங்க மதிலுக்கு வர்றேன். நீங்க போகிற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்க, உங்க பக்கம் ஏழடி, ஆனா சர்ச் பக்கம் போய்ப் பார்த்தா இடுப்புக்குக் கொஞ்சம் மேலதான் இருக்குன்னு. உங்க கேள்விக்குப் பாதி பதில் அதுலயே இருக்கு. அந்தப் பக்கம் தரை உங்க தரையை விட மூணடி மேல. அந்த மூணடி எப்படி வந்துச்சுன்னு நினைக்கறீங்க? ஒரு சின்ன ஊர்ல வருஷத்துக்கு பத்துப் பேர்னு வச்சாலும் எண்ணூறு வருஷத்துல எட்டாயிரம் பேர், எல்லாரையும் அந்த ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கருக்குள்ளயேதான் திரும்பத் திரும்ப புதைச்சிருக்காங்க. பெட்டி, எலும்பு, குழி தோண்டின மண், வெளிய இருந்து கொட்டின மண், எல்லாம் சேர்ந்து நிலம் மெல்ல ஏறும். பழைய சர்ச்சுக்குப் போறப்ப பாதை பள்ளமாவும் ரெண்டு பக்கமும் புல்வெளி மேடாவும் இருக்கறதைக் கவனிச்சுப் பாருங்க.

ஆக வெறும் எல்லைச் சுவரா, காத்தை மட்டும் தாங்கறதுக்குக் கட்டின மதில், யாரும் கேக்காமலே மண்ணைத் தாங்கற சுவரா மாறிடுச்சு. அதுக்கு அந்த அஸ்திவாரம் கிடையாது, அந்தக் காலத்து மதிலுக்குக் கீழ பெரும்பாலும் ரெண்டு மூணு வரி அகலமா வச்ச செங்கல்தான், ஒரு அடி ஆழம் இருந்தாலே பெருசு. மண்ணோட கணக்கு என்னன்னா உயரம் ரெண்டு மடங்கு ஆனா பக்கவாட்டுல தள்ற விசை நாலு மடங்கு ஆகும், சுவரைக் கவிழ்க்கற பலம் எட்டு மடங்கு ஆகும். ஒன்றரை அடி மண்ணைச் சமாளிச்ச சுவர் மூணடி மண்ணுக்கு ஏன் தொப்பை தள்ளுதுன்னு இப்போ புரியும். அதுலயும் மண் காஞ்சிருந்தா பரவாயில்ல, மழைக்காலத்துல தண்ணி தேங்கினா மண்ணோட சேர்த்து தண்ணியும் தள்ளும். இதுக்கு வழி சுவருக்குக் கீழ தண்ணி வடியற ஓட்டைகள்தான், பழைய மதில்ல சில இடத்துல ரெண்டு கல்லுக்கு நடுவுல நின்ன வாக்குல இருக்கற மூட்டுல சாந்து வைக்காம விட்டிருப்பாங்க. உங்க ஃபோட்டோல அடியில அந்த மாதிரி மூட்டுகளையெல்லாம் சாம்பல் கலர்ல கெட்டியா யாரோ அடைச்சு வச்சிருக்காங்க. அது சிமென்ட் தம்பி. உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க இல்லன்னா அதுக்கும் முன்னாடி இருந்தவங்க ஏற்கனவே ஒரு தடவை இந்த வேலையைப் பண்ணியிருக்காங்க, செங்கல் பொரியறது சரியா அந்த நாலஞ்சு வரியிலதான், அதுக்கு மேல பழைய சாந்து இருக்கற இடத்துல கல் நல்லா இருக்கு. நீங்களே ஃபோட்டோவைப் பெருசாக்கிப் பாருங்க.

ஏன் அப்படின்னு சொல்றேன், இதை மட்டும் பொறுமையா படிங்க. அந்தக் காலத்துச் செங்கல் கையால அச்சுல போட்டு, விறகோ கரியோ வச்சு சூளையில சுட்டது, மென்மையா, நுண்துளை நிறைய இருக்கற கல். அது தண்ணியைக் குடிக்கும், திரும்ப விடும். வீட்டுச் சுவராவது ஒரு பக்கம்தான் நனையும், மேல கூரை இருக்கும், மதில் ரெண்டு பக்கமும் நனையும், தலையிலயும் நனையும், கீழ மண்ணுல இருந்தும் ஈரம் ஏறும். அதனால மதில் நனையாம இருக்கவே முடியாது, நனைஞ்சு காயணும், அதுதான் அதோட வாழ்க்கை. அந்த ஈரம் வெளிய போற பாதை கல்லு இல்ல, மூட்டுல இருக்கற சுண்ணாம்புச் சாந்து. சாந்து கல்லை விட மென்மையா, கல்லை விட சுலபமா ஈரத்தை விடறதா இருக்கணும். உப்பு பூத்தாலும் சாந்துலதான் பூக்கும், உறைபனியில உடைஞ்சாலும் சாந்துதான் உடையும், ஐம்பது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை அந்தச் சாந்தை மட்டும் மாத்தினா போதும், கல் அப்படியே இருக்கும். சாந்து தேயறதுக்குன்னே வச்சது, கல்லு நிக்கறதுக்குன்னு வச்சது.

அந்த மூட்டுல சிமென்டை வச்சா எல்லாம் தலைகீழாயிடும். சிமென்ட் அந்தக் கல்லை விட கெட்டி, ஈரத்தை விடாது. இப்போ ஈரத்துக்கு ஒரே வழி செங்கல்லோட முகம்தான். கல்லுக்குள்ள தண்ணி, அதோட மண்ணுல இருந்து ஏறின உப்பு, ரெண்டும் முகத்துக்குப் பின்னாடி ஒரு பட்டையா சேரும். உப்பு படிகமா வளர்றப்ப தள்ளும், குளிர்காலத்துல தண்ணி உறைஞ்சா கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், அதுவும் தள்ளும். முகம் ஓடு மாதிரி கழண்டு விழும். சூளையில சுட்டு கெட்டியான மேல் தோல் போயிடுச்சுன்னா உள்ள இருக்கறது இன்னும் மென்மை, அப்புறம் வேகமா அரிக்கும், சிமென்ட் மூட்டு மட்டும் தேன்கூடு மாதிரி வெளிய நீட்டிட்டு நிக்கும், கல் குழிஞ்சு போயிருக்கும். ஒரு ஊர்ல ரொம்ப நீளமான ஒரு மதிலை நான் வேலைக்கு வந்த புதுசுல பார்த்தேன், 18ஆம் நூற்றாண்டுது, அருமையா இருந்துச்சு, அங்கங்க சாந்து மட்டும் உதிர்ந்திருந்துச்சு. யாரோ ஒரு கான்ட்ராக்டர் ஆங்கிள் கிரைண்டர் வச்சு மூட்டுகளை அறுத்து, கல்லோட ஓரத்தையும் சேர்த்து அறுத்து, சிமென்ட் அடைச்சுட்டுப் போனார். எட்டு வருஷம் கழிச்சு அதே மதிலுக்கு என்னைக் கூப்பிட்டாங்க. முக்கால்வாசி கல்லுக்கு முகம் இல்ல. இருநூறு வருஷம் தாங்கின கல், எட்டே குளிர்காலம். நான் அங்க ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம நின்னுட்டு இருந்தேன், இப்போ நினைச்சாலும் மனசு வலிக்கும்.

போர்ட்லாண்ட் சிமென்டுக்கு 1824லதான் லீட்ஸ்ல ஜோசஃப் ஆஸ்ப்டின் பேட்டன்ட் வாங்கினார், அதுக்கு முன்னாடி கட்டின மதில்னா சுண்ணாம்பு மட்டும்தான். சாக்ங்கற வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லை சுமார் 900 டிகிரியில சுட்டு, தண்ணி ஊத்தி நீத்து, மணலோட கலந்து கட்டுவாங்க, பழைய சாந்துல வெள்ளை வெள்ளையா பருப்பு மாதிரி கட்டி தெரியும் பாருங்க, அது சரியா கலங்காத சுண்ணாம்பு, கையால கலந்ததுக்கு அடையாளம். காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை வாங்கி வருஷக்கணக்குல மெல்ல இறுகும். அதுல இன்னொரு நல்லது என்னன்னா சுவர் கொஞ்சம் அசைஞ்சாலும் சாந்து வளைஞ்சு கொடுக்கும், மயிரிழை விரிசல் விட்டா மழைத்தண்ணி சுண்ணாம்பைக் கரைச்சு அந்த விரிசல்லயே திரும்பப் படிய வைக்கும், தன்னைத்தானே கொஞ்சம் ஆத்திக்கும். இன்னைக்கு சிமென்ட்ல ஒரு மதில் கட்டினா சில மீட்டருக்கு ஒரு எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், அதாவது சுவர் விரிஞ்சு சுருங்க ஒரு இடைவெளி, விட்டே ஆகணும், அந்தக் கால மதில் அறுபது எழுபது மீட்டர் ஒரே இழுப்புல போகும், ஒரு ஜாயின்ட் கூட இருக்காது.

யாரோட சுவருங்கற கேள்விக்கு வர்றேன், சுருக்கமா. முதல்ல உங்க வீட்டுப் பத்திரத்தையும் அதோட இருக்கற பிளானையும் எடுங்க, எல்லைக் கோட்டுல டி எழுத்து மாதிரி குறி இருந்தா அது எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கத்துக்காரருக்குப் பொறுப்புன்னு வழக்கமா எடுத்துக்குவாங்க. லேண்ட் ரெஜிஸ்ட்ரி பிளான்ல இருக்கற சிவப்புக் கோட்டை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, அது பொதுவான எல்லைதான், அங்குலக் கணக்கு இல்ல. சர்ச் ஆஃப் இங்கிலாந்துல கல்லறை நிலம் சட்டப்படி அந்த ஊர் பாதிரியார் பதவியோட பேர்ல இருக்கும், பராமரிக்கறது பிசிசிங்கற ஊர் சர்ச் கவுன்சில். புதைக்கறதை அதிகாரபூர்வமா மூடிட்ட நிலமா இருந்தா 1972 உள்ளாட்சிச் சட்டம் 215ஆவது பிரிவுப்படி பிசிசி எழுதிக் கொடுத்து அந்தப் பராமரிப்பை பாரிஷ் கவுன்சிலுக்கு, அதாவது ஊராட்சிக்கு, மாத்திவிட முடியும், மதிலும் அதுல அடங்கும். அதனால முதல்ல சர்ச்வார்டனை, அதாவது சர்ச் சொத்தைப் பார்த்துக்கற ஊர்க்காரரை, பாருங்க, மூடின நிலமா இல்லையான்னு கேளுங்க, அவங்களுக்குத் தெரியும்.

அனுமதி ரெண்டு வகை. சர்ச் நிலத்துல பண்ற வேலைக்கு டயோசிஸ்ங்கற மறைமாவட்டத்துக்கிட்ட இருந்து ஃபேகல்டின்னு ஒரு அனுமதி வேணும், வேலை ரொம்பச் சின்னதா இருந்தா பிஷப்புக்குக் கீழ இருக்கற ஆர்ச்டீக்கன் எழுத்துல கொடுக்கறதே போதும்னு இருக்கும், அதை அவங்க சொல்லணும், நாம முடிவு பண்ணக் கூடாது. அப்புறம் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கற ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்போட பட்டியல்ல அந்த மதில் தனியா பேர் போட்டு இருக்கான்னு பாருங்க, இன்டர்நெட்லயே இலவசமா தேடலாம், நிறைய மதில்கள் கிரேட் 2ன்னு தனியா இருக்கு. தனியா இருந்தா கவுன்சிலோட லிஸ்டட் பில்டிங் அனுமதியும் தேவைப்படும், அது இல்லாம அதோட தன்மையை மாத்தற வேலை பண்றது கிரிமினல் குற்றம். தனியா இல்லன்னாலும், சர்ச் அந்தப் பட்டியல்ல இருக்குன்னா, மதில் 1948 ஜூலை 1க்கு முன்னாடியே அந்த வளாகத்தோட சேர்ந்தே இருந்தா பொதுவா அதுவும் அந்தப் பாதுகாப்புக்குள்ள வந்துடும். உங்க பக்கத்துல இருந்து ஏதாவது தோண்டப் போறீங்கன்னா 1996 பார்ட்டி வால் சட்டமும், அதாவது பக்கத்துக்காரர் சுவர் சம்பந்தமான சட்டமும், குறுக்க வரும், மூணு மீட்டருக்குள்ள அஸ்திவாரத்தை விட ஆழமா தோண்டினா நோட்டீஸ் கொடுக்கணும்.

தொப்பையைப் பத்தி பயப்படலாமா வேண்டாமான்னா, அளந்துட்டுதான் சொல்லணும். தூக்குக்குண்டு ஒண்ணு கட்டித் தொங்கவிட்டு எவ்வளவு விலகியிருக்குன்னு பாருங்க. மதில் சாஞ்சிருந்தா எப்போ ஆளைக் கூப்பிடணும்ங்கறதுக்கு இங்க பொதுவா சொல்ற கணக்கு, அரைச் செங்கல் நீளம் கனமுள்ள அரைக்கல் சுவருக்கு 30 மில்லிமீட்டர், ஒரு கல் சுவருக்கு 70, ஒன்றரைக் கல் சுவருக்கு 100, அதுக்கு மேல போனா இன்ஜினியரைக் கூப்பிட்டே ஆகணும். உங்களுது பின்னாடி மண்ணும் தாங்கறதால அதுக்கு முன்னாடியே கூப்பிடறதுதான் நல்லது, அதுவும் பழைய கட்டடம் தெரிஞ்ச இன்ஜினியரா இருக்கணும், இல்லன்னா இடிச்சுட்டு கான்கிரீட்ல கட்டுன்னுடுவார். நல்லவரா இருந்தா ஒரு வருஷம் அளந்து பார்க்கச் சொல்வார், களிமண் நிலம் குளிர்காலத்துல உப்பும், கோடையில சுருங்கும், சுவரும் அதோட மூச்சு விடும், வருஷம் பூரா ஒரே பக்கமா போகுதா இல்ல போய்ப் போய் வருதாங்கறதுதான் முக்கியம். அது தெரியற வரைக்கும் குழந்தைங்களை அந்த இடத்துல விளையாட விடாதீங்க. இதை நான் சும்மா சொல்லல, இந்த நாட்டுல கட்டட இடிபாடு விழுந்து சாகறதுக்கு தோட்டத்துச் சுவர் ஒரு முக்கியமான காரணம்.

சர்ச்காரங்க வேலைக்கு ஒத்துக்கிட்டாங்கன்னா எந்த வரிசையில நடக்கணும்னு நீங்களும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. முதல்ல தண்ணி, அப்புறம்தான் சாந்து. தலையில மூடி மாதிரி வச்ச கோப்பிங் கல் எங்க பெயர்ந்திருக்குன்னு பார்த்து அதை சரி பண்ணணும், மேல இருந்து உள்ள இறங்கற மழைதான் மதிலுக்கு முதல் எமன். அடியில அடைச்ச வடிகால் ஓட்டைகளைத் திறக்கணும். அந்தப் பக்கம் மண்ணை எடுத்து இறக்கலாமேன்னு தோணும், ஆனா அது எலும்பு இருக்கற நிலம், ஒரு அடி தோண்டினாலும் தொல்லியல் ஆள் பக்கத்துல நிக்கணும், பல சமயம் தோண்டாம விடறதுதான் மரியாதை. சிமென்டை சுத்தியும் உளியும் வச்சு கையாலதான் எடுக்கணும், கல்லோட சேர்ந்து பெயர்ந்து வர்ற இடத்துல விட்டுடணும். மூட்டு எவ்வளவு அகலமோ அதுக்கு ரெண்டு மடங்கு ஆழமாவது சுரண்டி, நல்லா தண்ணி தெளிச்சு, சுண்ணாம்பு ஒரு பங்குக்கு நல்ல கூர் மணல் ரெண்டரையில இருந்து மூணு பங்கு போட்டு அடைக்கணும். கீழ ஈரமான வரிகளுக்கு என்.எச்.எல்ங்கற, ஈரத்துலயும் இறுகற சுண்ணாம்புல 2 இல்லன்னா 3.5 பலம் போதும், 5 போட்டா ரொம்ப பலம்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க, பலம் நமக்கு ஆகாது. ஏப்ரல்ல இருந்து செப்டம்பருக்குள்ள முடிச்சுடணும், 5 டிகிரிக்குக் கீழ போனா சுண்ணாம்பு வேலையே கூடாது, முடிச்ச இடத்தை ஈரச்சாக்கு போட்டு மூடி வைக்கணும். முகம் பூரா போன கல்லை மட்டும் வெட்டியெடுத்து அதே அளவுல கையால செஞ்ச கல் வைக்கணும், பாதி போனதை அப்படியே விடலாம்.

பிரஷர் வாஷர் வச்சு பாசியைக் கழுவலாமான்னு கடைசியா ஒரு வரி கேட்டிருந்தீங்க. வேண்டவே வேண்டாம், அந்தத் தண்ணி வேகம் சாந்தை வாரிட்டுப் போயிடும். அதோட பாசின்னு நீங்க நினைக்கறதுல பாதி லைக்கன், பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழற உயிர், பிரிட்டன்ல இருக்கற சுமார் 2,000 வகையில 700க்கு மேல சர்ச் நிலங்கள்ல பதிவாகியிருக்கு, சிலது ஒரு கைப்பிடி அளவு படர நூறு வருஷம் எடுக்கும். ஐவி கொடி வேற விஷயம், இலை மட்டும் படர்ந்திருந்தா அது சுவருக்குப் போர்வைதான், மூட்டுக்குள்ள வேர் போயிருந்தா அடியில வெட்டி விட்டு காய விடுங்க, பச்சையா பிடிச்சு இழுத்தா கல்லோட வரும்.

நீங்க இன்னைக்கே யாரையும் கேக்காம பண்ணக்கூடிய வேலை ஒண்ணு இருக்கு. ஃபோட்டோல மதிலோட ஒட்டி பீன்ஸுக்கும் தக்காளிக்கும் பாத்தி கட்டி மண்ணை ஒன்றரை அடி உயர்த்தியிருக்கீங்க, தினமும் தண்ணியும் ஊத்தறீங்க, பொரியற வரிகள்ல பாதி அந்த மண்ணுக்குள்ள இருக்கு. அந்த மேட்டை மதில்ல இருந்து ஒரு ரெண்டடி தள்ளி வச்சுக்கோங்க, ஆனா பழைய தரை மட்டத்துக்குக் கீழ மட்டும் மண்வெட்டி போட்டுடாதீங்க, சுவரோட கால் அங்கதான் இருக்கு. பந்தலுக்குத் தனியா கழி நட்டுக்கோங்க. அப்புறம் நல்லா மழை பெஞ்சு விட்ட மறுநாள் காலையில ரெண்டு பக்கமும் போய் ஃபோட்டோ எடுங்க, ஈரம் எந்த வரி வரைக்கும் ஏறியிருக்குன்னு அன்னைக்குத்தான் தெளிவா தெரியும், சர்ச்வார்டன் கிட்ட பேசப் போறப்ப அந்தப் படங்களையும் எடுத்துட்டுப் போங்க.